உப்புக்கு ஒரு வாசனை உண்டு

இலையில் தெளித்த தண்ணீரை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியவில்லை. எதிரே இருக்கிற வழுக்கைத் தலைக்காரர் தன் இலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்படியே தள்ளுங்க, கீழ வாளி இருக்கு" என்கிறார். பழகினவர். இந்தப் பர்வதம் மெஸ்ஸில் எல்லாருமே பழகினவர்களாகத்தான் தெரிகிறார்கள், நான் ஒருத்திதான் புதுசு. வாசலில் டோக்கன் கொடுத்தவர், "பொம்பளையாளுக்கு உள்ள தனி ரூம் இருக்கும்மா, காத்தாடி போட்டிருக்கு" என்றார். தனி ரூமுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடவா இந்த மாசி வெயிலில் ரெண்டு பஸ் மாறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்தேன்? நான் பார்க்க வந்தது இந்தக் கூடத்தை. என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் வந்து சாப்பிடுகிற கூடத்தை. எட்டு மேஜை, மேஜைக்கு நாலு நாற்காலி, சுவரில் முருகன் காலண்டர், கை கழுவுகிற இடத்தில் ஒரு ரசம் போன கண்ணாடி. இவ்வளவுதான். அறுபது ரூபாய்க்கு வேறு என்ன இருக்கும். மணி பன்னிரண்டே முக்கால். இவருக்கு ஆபீசில் ஒரு மணிக்கு மேல்தான் சாப்பாட்டு நேரம், ரோட்டைத் தாண்டி நடந்து வர ஒண்ணேகால் ஆகும். அதற்குள் சாப்பிட்டு எழுந்து போய்விட வேண்டும். சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டுகிற நேரத்தில் காபியோடு அந்தப் பச்சை டோக்கனையும் வைக்கப்போகிறேன். திங்கட்கிழமை துணி ஊறப்போடும்போது இவர் சட்டைப் பையில் கிடைத்த டோக்கன். பர்வதம் மெஸ், முழுச் சாப்பாடு என்று போட்டிருந்தது. சர்வரிடம் கொடுக்க மறந்து பையிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், திருடத் தெரிந்தவருக்கு மறைக்கத் தெரியவில்லை. வைத்துவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பஸ்ஸிலேயே தயார் செய்துவிட்டேன். மெஸ் சோறு ருசிப்பட்ட ஆளுக்கு நான் எதுக்கு அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். அவ்வளவுதான், ஒரே ஒரு வாக்கியம். அதோடு அடுப்படிக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது. இருபத்தொன்பது வருஷம் போதும்.

யாரோ கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், அப்படிச் சந்தேகப்படுகிற புத்தி எனக்குக் கிடையாது. ஆனால் நேற்று ராத்திரி கேட்டேன், மத்தியானச் சாப்பாடு எப்படி இருந்தது என்று. நல்லா இருந்துச்சு என்றார். வாழைக்காய்ப் பொரியல்? அதும் நல்லா இருந்துச்சு. நேற்று நான் வைத்து அனுப்பியது பூசணிக்காய்க் கூட்டு. வாழைக்காய் வீட்டிலேயே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன், தூக்கம் எங்கிருந்து வரும். இப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, கொஞ்ச மாதமாக, நான் சோறு கட்டி அனுப்புகிற தூக்குச்சட்டி கழுவித் துடைத்து வருகிறது. உனக்கு ஏன் சிரமம் என்று ஆபீஸ் குழாயிலேயே கழுவிவிடுகிறாராம். கல்யாணமான நாளிலிருந்து குடித்த தம்ளரை எடுத்து உள்ளே வைக்காத மனுஷர். அக்கறை என்று நினைத்து நான் வேறு பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இதோ பரிமாறுகிற அம்மாள் வந்துவிட்டாள், நாற்பது வயதிருக்கும், சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள், மற்றவர்கள் செண்பகம் செண்பகம் என்று நாலு பக்கமும் கூப்பிடுகிறார்கள். இலை நுனியில் ஒரு விரல் உப்பு, ஊறுகாய், அவியல், புடலங்காய்க் கூட்டு, அப்பளம், சோறு. கை சுத்தமாகத்தான் இருக்கிறது. "சாம்பாராக்கா, சொதியாக்கா? இன்னைக்கு வியாழக்கிழமை, சொதி உண்டு." சொதியா. தேங்காய்ப் பாலில் காய் போட்டு நாங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற குழம்பு, அதை வாராவாரம் வைக்கிறார்களா இங்கே. முதலில் சாம்பார் விடும்மா, சொதிக்குப் பிறகு வருகிறேன் என்றேன். வரிசையாகப் பார்ப்போம். எதிரியின் வீட்டுக்கு வந்தால் வாசலிலிருந்து பார்க்க வேண்டும்.

சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு வாய். வெந்த பருப்பு வழவழ என்று இருக்கிறது, சோறு குழையவில்லை, மிளகாய்க் காரம் நாக்கில் கொஞ்சம் சுரீர் என்கிறது, அவ்வளவுதான். இதுக்கா? இதுக்கா என் தூக்குச்சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு வருகிறார்? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவியலைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியேதான், தேங்காய் அரைத்து விட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்குத் தெரியவில்லை. மனசுக்குள் ஒரு நிம்மதி என்றால் நிம்மதி. நான் பயந்து வந்தது வேறு. இவர்கள் ஏதோ கைப்பக்குவம் வைத்திருக்கிறார்கள், இத்தனை வருஷத்தில் என் கையில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். ஆவுடையம்மாள் கைமணம் என்றால் எங்கள் தெருவில் தெரியாத ஆள் கிடையாது. அதுவும் ருசி பார்க்காமல் சமைக்கிறவள். எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கிறதற்கு முன்னால் ஒரு பருக்கை யார் வாயிலும் படக்கூடாது, சமைக்கிறவள் வாயிலும்தான். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிற வழக்கமெல்லாம் நான் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. பிறகு உப்பு எப்படித் தெரியும் என்று கல்யாணமான புதிதில் இவர் கேட்டார். மூக்கில் தெரியும் என்றேன். சிரித்தார். உப்புக்கு ஏது வாசனை என்றார். உப்புக்கு வாசனை உண்டு. தனியாக மோந்து பார்த்தால் இருக்காது, கொதிக்கிற குழம்பில் போட்டுப் பாருங்கள். உப்பு போடாத சாம்பார் கொதிக்கும்போது ஒரு பச்சை வாடை அடிக்கும், பருப்பு ஒரு பக்கம் புளி ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கும். உப்பைப் போட்டு ஒரு கிண்டு கிண்டினால் எல்லாம் ஒன்றுசேர்ந்து குப்பென்று எழும்பும். எழும்பவில்லையா, இன்னும் ஒரு சிட்டிகை. எழும்பிவிட்டதா, மூடி வை. இதுதான் என் கணக்கு, ஒரு நாளும் தப்பினதில்லை.

ஒரே ஒரு தடவை என் நாத்தனார் சொன்னாள், மதினி, ரசத்தில் உப்பு ஒரு கல் குறைச்சல் என்று. எல்லாரும் இருக்கிற பந்தியில் வைத்து. குறையவில்லை, அவளுக்கு உப்பு நாக்கு. அன்றைக்கு அடுப்பை அணைத்தவள் ஒரு வாரம் பற்ற வைக்கவில்லை. பையன் அப்போது எட்டாம் வகுப்பு, மூன்று வேளையும் பன்னும் பழமும் தின்று அவனுக்கு வயிற்றுப்போக்கு ஆகிவிட்டது. இவர் வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, தப்புதான், இனிமே இந்த வீட்டில உப்பைப் பத்தி யாரும் பேசமாட்டோம் என்றார். அதற்கப்புறம்தான் உலை வைத்தேன். கோபம் கொஞ்சம் அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வேலைக்குப் போகவில்லை, பாடத் தெரியாது, தைக்கத் தெரியாது, எனக்கென்று இருக்கிறது இந்த ஒன்று, அதையும் பந்தியில் வைத்துச் சொன்னால் எப்படி. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள். நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு, மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு, சாம்பாரில்தான் இருக்கு, நேரமாகும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு வேறு மேஜைக்கு நகர்ந்துவிட்டார்கள். நல்ல பழக்கம் இது, சாப்பிடுகிறவள் எந்தக் குழம்பில் இருக்கிறாள் என்று இலையைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். சாம்பார் என்றால் இன்னும் கால் மணி, ரசம் என்றால் அஞ்சு நிமிஷம், மோர் என்றால் நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் இவ்வளவு பேர் நின்று சாப்பிட்டுப்போக இந்தச் சாம்பாரில் என்ன இருக்கிறது?

உலகமே இப்போது சப்பென்றுதான் இருக்கிறது, இவர்களை மட்டும் சொல்லி என்ன. போன ஆடியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது, பத்து நாள் படுக்கை, எழுந்து பார்த்தால் ஊரில் எல்லாம் கலப்படம். பூக்காரியிடம் மல்லிகை வாங்கினால் காகிதம் மாதிரி இருக்கிறது, மருந்து அடித்து வளர்த்த பூ, வாசனை எங்கிருந்து வரும் என்று அவளைத் திட்டி வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்தேன், அவளும் அதே பூவைத்தான் தருகிறாள். பெருங்காயம் மூன்று கடை மாற்றிவிட்டேன். காபிப்பொடிக் கடைக்காரனிடம் போய், சிக்கரியைத் தவிர வேறு என்ன அரைக்கிறாய் என்று கேட்டுச் சண்டை. அவன் கையில் ஒரு பிடி அள்ளி என் முகத்துக்கு நேராக நீட்டி, மோந்து பாத்துச் சொல்லுங்கம்மா என்றான். மோந்துதான் சொல்கிறேன், ஒன்றும் இல்லை என்றேன். அவன் முழித்தான். கற்பூரம்கூட இப்போது மெழுகுதான், ஏற்றினால் சுடர் எரிகிறது, வாசனை இல்லை. இதைச் சொன்னால் இவர் ஆமா ஆமா என்பார். எதற்கும் ஆமா என்கிறவர். எதிரே இருக்கிற வழுக்கைத் தலைக்காரர் சொதிக்கு வந்துவிட்டார், செண்பகம் ரெண்டு கரண்டி விட்டுவிட்டு நகர, அவர் கையை நீட்டி இன்னும் ஒன்று என்கிறார். "வாங்கிக்கிடுங்கம்மா, ஒண்ணரைக்கு மேல வந்தா கிடைக்காது" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார். எனக்கும் விட்டாள். வெள்ளையாக, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மிதக்க, ஆவி பறக்க. குனிந்தேன். சொதியை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். என் தம்பி கல்யாணத்தில் நானூறு பேருக்கு வைத்த சொதிக்கு நான்தான் நின்றேன், முதல் பாலை எப்போது விடுவது, எலுமிச்சம்பழம் எப்போது பிழிவது என்று சமையல்காரருக்கே சொன்னேன், தெருமுனை வரைக்கும் இஞ்சியும் தேங்காய்ப் பாலும் மணந்தது. ஆவி முகத்தில் அடிக்கிறது. சூடு தெரிகிறது. மூக்கு நுனியில் ஈரம்கூட நிற்கிறது. ஆனால் அந்த ஆவிக்குள் ஒன்றும் இல்லை. வெறும் வெந்நீர் ஆவி. இன்னும் கொஞ்சம் குனிந்தேன், முடி இலையில் விழுந்துவிடும் போல. இல்லை.

கலப்படம் என்று சொல்ல வாயெடுத்தேன், தேங்காயில் என்ன கலப்படம் செய்ய முடியும்? வழுக்கைத் தலைக்காரரிடம் கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம். "தேங்காப் பால் வாசனை அடிக்கா உங்களுக்கு?" அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னம்மா இப்படிக் கேக்கீங்க, சந்து திரும்பும்போதே அடிச்சுதே. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வந்தேன்." நான் வாசலில் நின்று டோக்கன் வாங்கினேன், கூட்டத்தைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன், சந்தில் எனக்கு எதுவும் அடிக்கவில்லை. சந்தில் சாக்கடைகூட ஓடியது, திறந்த சாக்கடை, தாண்டித்தான் வந்தேன், அதுவும் அடிக்கவில்லை. இல்லை, இல்லை, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, சாம்பாரில் காரம் தெரிந்ததே, ஊறுகாய் சுரீர் என்றதே. காரம் ருசியா? காரம் கண்ணில் பட்டாலும் எரியும், கையில் பட்டாலும் எரியும். இலை நுனியில் உப்பு இருக்கிறது. இதுவரை தொடவில்லை. ஒரு விரலால் எடுத்தேன், கூடத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன், நாக்கில் வைத்தேன். மண். நறநற என்று மண். அது கரைந்து போகிறது, கரைந்து தண்ணீராகிறது, அந்தத் தண்ணீரில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தேன். இலையில் வைத்த உப்பு முழுவதையும் தின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது காரத்தினால் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பூக்காரியிடம் போய் என்ன சொல்லுவேன். காபிக்கடைக்காரனிடம் என்ன சொல்லுவேன். அதெல்லாம் இருக்கட்டும், ஆறு மாதமாக என் வீட்டு அடுப்பில் என்ன நடந்தது? குழம்பு கொதிக்கும், நான் உப்பைப் போடுவேன், எழும்புகிறதா என்று குனிவேன், எழும்பாது, இன்னும் ஒரு சிட்டிகை, எழும்பாது, இன்னும் ஒன்று. உப்புச் சரியில்லை, இந்தக் கம்பெனி உப்பில் உப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டே அள்ளிப் போட்டிருக்கிறேன். சில நாள் யோசனையில் போட்டேனா இல்லையா என்று மறந்துபோகும், முன்னெல்லாம் மூக்கு சொல்லிவிடும், இப்போது கேட்க ஆளில்லாமல் அப்படியே இறக்கி வைத்திருப்பேன். கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான், எல்லாரும் சாப்பிட்டான பிறகு, எனக்கு ஒரு நாளும் ஒன்றும் தெரிந்ததில்லை, வயசானால் சாப்பாடு இறங்காது என்று மோரை ஊற்றி முடித்துவிடுவேன். பொங்கலுக்கு ஓசூரிலிருந்து பையன் வந்தான். பசிக்கலை என்றான், மூன்று நாளும் பசிக்கலை. மருமகளைச் சந்தேகப்பட்டேன், அவள் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று. அவள்தான் தட்டில் இருந்ததையெல்லாம் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தாள். மார்கழியில் இவருக்குப் பிரஷர் ஏறி, அரை மாத்திரை ஒன்றாகிவிட்டது, டாக்டர் என்னைப் பார்த்து, வீட்டில உப்பைக் குறைங்கம்மா என்றார், எனக்குக் கோபம் வந்தது, நான் அளந்துதான் போடுகிறேன் டாக்டர் என்று இருபத்தொன்பது வருஷப் பெருமையையும் அவரிடம் சொன்னேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆமா ஆமா என்று தலையாட்டினார். அந்த மாத்திரையை ஏற்றினது நான்தான். என் கைதான். மெஸ்ஸில் சாப்பிட்டால் என்ன, தெருவில் சாப்பிட்டால் என்ன, சாப்பிட்டதனால்தான் ஒன்றோடு நின்றது, ரெண்டாகவில்லை. இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. காலையில் ஆபீசுக்குக் கிளம்புகிறவர், செருப்பை மாட்டினவர், செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குள் வருவார், குனிந்து சிலிண்டர் குமிழைத் திருகி மூடிவிட்டுப் போவார். தினமும். தீபாவளியிலிருந்து. வயதாகிவிட்டது, பயந்தாங்குளி ஆகிவிட்டார் என்று நான் சிரிப்பேன். எனக்கு மூடத் தெரியாதா என்பேன். தெரியும் ஆவுடை, எனக்குத்தான் ஒரு பழக்கம் என்பார்.

இவருக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும். செண்பகம் ரசத்தோடு வந்து நிற்கிறாள், விடட்டுமாக்கா என்கிறாள், சொதியே அப்படியே இருக்கு, நல்லா இல்லையா என்று முகம் சுண்டிக் கேட்கிறாள். எனக்கு அந்த முகம் தெரியும், அது என் முகம், சமையல்காரியின் முகம். "நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, ஆறு மாதமாக இவர் எனக்குச் சொன்ன அதே பொய், அதே இழுப்போடு. அவசரமாகச் சொதியைப் பிசைந்து விழுங்குகிறேன், மணி பார்க்க மறந்துவிட்டேன். பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள். நாற்காலியில் கை வைக்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை, சும்மா நிற்கிறார்கள். செண்பகம் என் தலைக்கு மேலே பார்த்து, "வாங்கண்ணாச்சி, இன்னைக்கு உங்க இடத்துல ஆள் இருக்காவ. செத்த நில்லுங்க, அக்கா ரசத்துக்கு வந்துட்டாவ" என்கிறாள். பின்னால் ஒரு செருமல். தொண்டையில் ஒன்றும் இல்லாமலே செருமுகிற செருமல். இருபத்தொன்பது வருஷமாகக் கேட்கிறேன். நான் திரும்பவில்லை. என் கொண்டையும் இந்தச் சேலையும் இவருக்குத் தெரியாமலா இருக்கும், இந்தச் சேலை எடுத்ததே இவர்தான். கையில் இருந்த சோற்றை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வழுக்கைத் தலைக்காரர் மோரைக் குடித்து இலையை மடித்துவிட்டு எழுந்தார். எதிர் நாற்காலி காலியானது. இவர் சுற்றி வந்து அதில் உட்கார்ந்தார். டோக்கனை மேஜை ஓரத்தில் வைத்தார். பச்சை டோக்கன். பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தேடிப் பார்த்தேன், அது எங்கேயோ போய்விட்டது.

"எப்ப வந்தே?" என்றார். "பன்னெண்டரைக்கு" என்றேன். செண்பகம் புது இலை போட்டு, சோறு வைத்து, கேட்காமலே சொதியை விட்டுவிட்டுப் போனாள். இவர் இலையில் கை வைக்கவில்லை. என் இலையைப் பார்த்தார், உப்பு வைத்திருந்த இடம் துடைத்த மாதிரி இருப்பதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன், மெதுவாகக் கேட்டார், "சொதி எப்படி இருக்கு?" நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். வீட்டுக்குப் போய் நாளைக்குக் காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து தூக்குச்சட்டியைக் கட்டிவிடலாம், இவர் கழுவிக் கொண்டுவருவார், குமிழை மூடுவார், நான் கேட்பேன், இவர் நல்லா இருந்துச்சு என்பார், செத்துப்போகிற வரைக்கும் இப்படியே ஓட்டிவிடலாம். இவர் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்து உட்கார்ந்திருக்கிற முகம். "எனக்குத் தெரியலைங்க" என்றேன். "ஒண்ணுமே தெரியலை. உப்பைத் தின்னு பாத்தேன், அதுவும் தெரியலை." இவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?" "தீபாவளிக்கு முந்தின நாள். கேஸ் திறந்து கிடந்துச்சு. வீடு பூரா நாத்தம். நீ அடுப்புக்கு முன்னாலயே நின்னுக்கிட்டு முறுக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தே." "ஏன் சொல்லலை?" இவர் ஒரு பருக்கையை எடுத்து இலையிலேயே நசுக்கினார். "சொன்னா நீ அடுப்பை அணைச்சிருவே. அன்னைக்கு ஒரு வாரம். இது ஒரு வாரத்தோட நிக்காது. அதுக்கு அப்புறம் நீ எப்படி இருப்பேன்னு நினைச்சுப் பாத்தேன். எனக்குப் பாக்க முடியலை."

எனக்கு அழுகை வந்தது, அழவில்லை, கூடத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள். "நான் கட்டிக் குடுத்ததெல்லாம் என்ன செஞ்சீங்க?" "உப்பில்லாத நாள்ல ஊறுகாய் வச்சுச் சாப்பிட்டுருவேன். கூடிப்போன நாள்லதான் இங்க." "அன்னைக்கு அதைக் கொட்டுவீங்களா?" இவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "கொட்டுவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு என்னவோ போல இருந்தது, வலிக்கத்தான் செய்தது, ஆனால் ஆறு மாதத்தில் இவர் என்னிடம் சொன்ன முதல் ருசி அது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், உப்புக் கூடின பண்டமும் அங்கேதான். "சாப்பிடுங்க, ஆறுது" என்றேன். இவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். "உப்பு?" என்றேன். "இருக்கு." "சரியா இருக்கா?" "சரியா இருக்கு." "இஞ்சி?" "ஒரு இழை தூக்கல். உன் சொதியில இப்படி இருக்காது." முகத்துக்காகச் சொல்கிறாரா என்று பார்த்தேன், இல்லை, நாக்கைச் சப்பி யோசித்துத்தான் சொன்னார். "நாளையிலேருந்து காலையில எந்திரிச்சு அடுப்படிக்கு வாங்க. இறக்குறதுக்கு முந்தி கரண்டியில விட்டுத் தாரேன். வாயில வச்சுப் பாத்து, கூடவா குறையவான்னு சொல்லுங்க. ஆமா ஆமாங்காம சொல்லணும்." இவர் கை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. "சாமிக்குப் படைக்கதுக்கு முந்தியா?" என்றார், பயந்துபோய், முருகன் காலண்டரைக்கூட ஒரு தரம் பார்த்துவிட்டு. "சாமியும் ஆறு மாசமா என் உப்பைத் தின்னுக்கிட்டுத்தானே இருக்கு" என்றேன். "உங்களை மாதிரியே அதுவும் வாயைத் திறக்கலை. இனிமே அது ரெண்டாவதாவே சாப்பிடட்டும்." எனக்குப் பின்னால் யாரோ வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் குழம்பில் இருக்கிறேன் என்று எட்டிப் பார்த்தார்கள். நிற்கட்டும். செண்பகத்தைக் கூப்பிட்டு எனக்கு ரசம் விடச் சொன்னேன்.